விற்ற பின்னும் விலகாத பொறுப்பு: டாஸ்மேனியாவின் கடலடி மின்வடம்

மின்வடம் செய்து விற்கும் ஸ்தாபனம் ஒன்று, தன் நாட்டிலுள்ள ஒரு நகரத்துக்குச் சரக்கை அனுப்பி, அது மண்ணில் புதைந்து, சோதனையும் முடிந்து, பணமும் கைக்கு வந்து சேர்ந்தபின் அந்த வியாபாரம் தீர்ந்துவிட்டதாகக் கருதுவதில் பெரும் பிழையொன்றும் இல்லை. ஏனெனில் அங்கே ஒரு வடம் பழுதானால் மின்சாரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடலாம், பள்ளம் தோண்டிப் பழுது பார்ப்பதற்கு ஆட்களும் அருகிலேயே உண்டு. கடல் கடந்த தீவொன்றுக்கு விற்கும்போது இந்தக் கணக்கு பொருந்தாது என்பதும், அங்கே விற்கப்படும் பொருளில் பழுது பார்க்கும் சக்தியும் ஓர் அங்கமாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் என் வாதம். இதற்கு ஆதாரமாக, இத்தாலியில் உற்பத்தியாகி ஆஸ்திரேலியாவின் பாஸ் நீரிணையில் இடப்பட்ட ‘பாஸ்லிங்க்’ மின்வடத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்.

நேபிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஆர்கோ ஃபெலிச்சே ஆலையில் பிரெல்லி ஸ்தாபனம் தயாரித்த அவ்வடம், ‘ஜூலியோ வெர்னே’ என்னும் கப்பலிலிருந்து கடலில் இறக்கப்பட்டு, 2006 ஏப்ரல் மாதம் வர்த்தக உபயோகத்துக்கு வந்தது. ஆஸ்திரேலியப் பெருநிலத்து மாநிலமான விக்டோரியாவின் லாய் யாங்கையும், தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் ஜார்ஜ் டவுனையும் இணைக்கும் அந்த மார்க்கத்தில் கடலடிப் பகுதி மட்டும் சுமார் 290 கிலோமீட்டர். மின்னழுத்தம் 400 கிலோவோல்ட். இடைவிடாமல் கொண்டுசெல்லும் சக்தி 500 மெகாவாட். அக்காலத்தில் உலகில் அதைவிட நீண்ட கடலடி மின்வடம் வேறில்லை.

அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் செம்பு. அதன்மேல் பிசுபிசுப்பான எண்ணெய்க் கலவையில் ஊறிய காகித நாடா, மின்காப்பாக அடுக்கடுக்காக. அதன்மேல் நீர் புகாத ஈய உறை. அதற்கும் வெளியே பிளாஸ்டிக் உறையும் எஃகுக் கம்பிக் கவசமும். மின்னோட்டம் திரும்பி வருவதற்கான சிறிய வடமும், செய்தித் தொடர்புக்கான கண்ணாடி இழை வடமும் அதனோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. சுமை ஏறும்போது செம்பு சூடேறி, கலவை விரிகிறது. சுமை சட்டென்று இறங்கினால் கலவை குளிர்ந்து சுருங்கிக் காகித அடுக்குகளுக்கிடையே நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகின்றன. உயர்ந்த மின்னழுத்தத்தில் அவ்விடங்களிலேதான் மின்சாரம் காப்பைத் துளைக்கத் தொடங்குகிறது. ஆகவே இவ்வகை வடத்தின் ஆயுள், அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் போலவே, மணிக்கு மணி எப்படிச் சுமையேற்றப்படுகிறது என்பதையும் பொறுத்தது.

டாஸ்மேனியா பெரும்பாலும் நீர்மின்சாரத்தை நம்பி வாழும் தீவு. மின்விலை உயர்ந்த வேளையில் விக்டோரியாவுக்கு விற்பதும், விலை தாழ்ந்த வேளையில் அங்கிருந்து வாங்கி அணைநீரை மிச்சப்படுத்துவதும் அதற்கு லாபமாயிற்று. நிலக்கரி மின்சாரத்தின் விலையை உயர்த்திய கரிமவரி அமலில் இருந்த 2012 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில் ஏற்றுமதி மிகுந்து, நீர்த்தேக்கங்களின் இருப்பு குறைந்தது. 2015-இல் மழையும் பொய்த்தது. மழை பொய்க்கும் ஆண்டில் கைகொடுக்க வேண்டிய மின்வடம், அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்று, டாஸ்மேனியக் கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் பழுதுற்று நின்றுவிட்டது.

அதன்பின் நடந்தவை இவ்வாதத்தின் உயிர்நிலை. பழுதான இடத்தைக் கடலடியில் துல்லியமாகக் கண்டுபிடித்து, சேற்றிலிருந்து வடத்தை வெளிக்கொணர்ந்து, வெட்டி மேலே தூக்கி, கடல்நீர் ஊறிய நீளத்தைக் கழித்து, புதிய துண்டைக் கப்பல் தளத்தில் இணைக்க வேண்டியிருந்தது. அந்த இணைப்பு, ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட மூடிய அறைக்குள், கைதேர்ந்த தொழிலாளர் காகித நாடாவைச் சுற்றுச் சுற்றாகக் கட்டி, பல நாட்கள் பொறுமையாகச் செய்யும் வேலை. அலை எழும்பினால் நின்றுவிடும் வேலை. அத்தகைய தொழிலாளர் உலகத்திலேயே மிகச் சிலர். அதற்கேற்ற கப்பல்களும் அப்படியே. வடத்தை வெட்டியபோது கண்ணாடி இழையும் அறுபட்டதால் தீவின் இணையத் தொடர்பும் தடுமாறிற்று. 2016 ஜூன் 13 அன்றுதான் மின்சாரம் மீண்டும் ஓடியது. அதற்குள் நீர்த்தேக்கங்களின் இருப்பு ஏப்ரல் கடைசியில் சுமார் 12.5 சதவீதத்துக்கு இறங்கிவிட, வாடகைக்கு வந்த டீசல் ஜெனரேட்டர்களாலும், விற்றுவிடலாமென்று எண்ணியிருந்த டாமார் பள்ளத்தாக்கு எரிவாயு நிலையத்தாலும் தீவு சமாளித்தது.

வடம் பழுதுற்றதற்குக் காரணம் யாது என்பதில் நிபுணர்கள் ஒன்றுபடவில்லை. உரிமையாளர் அமர்த்தியவர்கள் நிர்ணயிக்க இயலாதென்றனர். தீவின் அரசு மின்கழகமான ஹைட்ரோ டாஸ்மேனியாவுக்காக ஆராய்ந்தவர்கள், வடம் அதன் வரம்பை மீறிச் சூடேறும்படி இயக்கப்பட்டதே காரணம் என்றனர். 2020 இறுதியில் இதுபற்றிய மத்தியஸ்தம் டாஸ்மேனிய அரசுக்குச் சாதகமாக முடிந்தது, அடுத்த ஆண்டு வடத்தின் கம்பெனி கடன் கொடுத்தவர்கள் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போயிற்று, 2022-இல் ஏ.பி.ஏ. ஸ்தாபனம் அதை வாங்கிற்று.

வடத்தை வாங்கி இயக்கியவன் வேறொருவனாயிருக்க, உற்பத்தியாளனை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். உதிரித் துண்டை வைத்திருப்பதும் சுமையைக் கட்டுப்படுத்துவதும் உரிமையாளனின் கடமைதான், ஐயமில்லை. ஆனால் காகிதமும் கலவையும் எவ்வளவு சூட்டைத் தாங்கும், எவ்வளவு வேகமான சுமைமாற்றத்தைப் பொறுக்கும் என்ற ஞானம் முதலில் ஆலையில் பிறக்கிறது. அந்த வரம்புகள் தொழில்நுட்ப அனுபந்தத்தின் மூலையில் கிடக்காமல், தினசரி மின்சந்தையில் பேரம் பேசுகிறவர் மேஜைவரை வந்து சேருவதற்கு உற்பத்தியாளனும் ஜவாப்தாரி ஆகவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நியூஸிலாந்தின் குக் நீரிணைக்கு 1960-களில் பிரிட்டனின் பி.ஐ.ஸி.ஸி. ஸ்தாபனம் வடம் கொடுத்தபோது, மூன்று வடங்கள் இடப்பட்டு, அவற்றில் ஒன்று மாற்றாகவே நின்றது. அங்கே கடலின் தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் என்பதால் அது சாத்தியமாயிற்று. 290 கிலோமீட்டருக்கு, மாற்றாக நிற்பதற்கென்றே இரண்டாவது வடம் போடச் சொல்வது சிறிய தீவுக்குத் தாங்காத செலவு. மாற்று வடத்துக்கு வழியில்லாத அந்த இடத்திலேதான் பழுது பார்க்கும் ஏற்பாடு மாற்று வடத்தின் ஸ்தானத்தைப் பெறுகிறது.

பிரெல்லியின் மின்வடப் பிரிவு 2005-இல் கைமாறிப் பிரிஸ்மியன் என்னும் பெயர் பெற்றது. அதே ஸ்தாபனம் 2024-இல், டாஸ்மேனியாவை இணைக்கும் ‘மாரினஸ் லிங்க்’ என்ற புதிய வடத்துக்காக மறுபடியும் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. இத்தகைய ஒப்பந்தங்களில், தீவிலேயே இருப்பு வைக்கப்படும் உதிரி வடத்தின் நீளம், அழைத்தால் கப்பல் வந்து சேரவேண்டிய கெடு, உள்ளூர்த் தொழிலாளருக்கு இணைப்பு வேலையில் பயிற்சி, சுமைவரம்புகளை ஆண்டுதோறும் உற்பத்தியாளனும் இயக்குபவனும் சேர்ந்து பரிசீலிக்கும் ஷரத்து ஆகியவை விலைப்பட்டியலிலேயே இடம்பெற வேண்டும். ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிடுகிறவர்கள் இவற்றையும் கூட்டிய தொகையை வைத்தே எது மலிவு என்று தீர்மானிக்க வேண்டும்.