விமானம் கிளம்ப நேரம் இருந்தும் செக்-இன் கவுண்டரை மூடுவது ஏன்? உங்கள் பைக்கு உள்ளே என்ன நடக்கிறது?

"ஃபிளைட் கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே மேடம், பையை மட்டும் எடுத்துக்கோங்க..." விமான நிலைய கவுண்டர்களில் அடிக்கடி கேட்கும் கெஞ்சல் இது. "சாரி சார், கவுண்டர் குளோஸ்" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 60 நிமிடங்களுக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுகிறார்கள். விமானம் கண்ணெதிரே நிற்கும்போது ஏன் இந்தக் கெடுபிடி? முக்கியக் காரணம், பயணியின் பை.

பெல்ட்டில் போகும் பை எங்கே போகிறது?

பையில் ஒட்டப்படும் டேக்கில் பார்கோடும் 10 இலக்க எண்ணும் இருக்கும். பை யாருடையது, எந்த விமானத்தில் ஏற வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

உள்ளே போகும் பை முதலில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் நுழைகிறது. சந்தேகம் எழுந்தால், பயிற்சி பெற்ற ஊழியர் அதன் படத்தைத் திரையில் ஆராய்வார். அப்போதும் தெளிவில்லை என்றால் வெடிபொருள் தடயச் சோதனை. கடைசிக் கட்டமாக, பயணியையே வரவழைத்துப் பையைத் திறப்பார்கள்.

பல நேரங்களில் இப்படிச் சிக்குவது பவர் பேங்கும் லைட்டரும்தான். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். காய்ந்த கொப்பரைக்கும் செக்-இன் பையில் தடை. அதிலுள்ள எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடாகித் தீப்பற்றும் ஆபத்து உண்டு.

ஆள் ஏறாவிட்டால் பையும் போகாது

விமானத்தில் ஏற்றப்படும் பைகளின் கணக்கும், கேட்டைத் தாண்டிய பயணிகளின் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் வரவில்லை என்றால் மைக்கில் பெயர் சொல்லித் திரும்பத் திரும்ப அழைப்பது இதனால்தான். அப்படியும் வராவிட்டால், அவருடைய பையைத் தேடி எடுத்து இறக்கிய பிறகே விமானம் கிளம்பும்.

இந்த விதிக்குப் பின்னால் பல உயிர்கள்

1984 ஆகஸ்ட் 2 இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து ஏறத்தாழ 30 பேர் உயிரிழந்தனர். கொழும்பு விமானத்துக்காகப் பதிவு செய்யப்பட்ட பெட்டியில் குண்டு இருந்தது. பதிவு செய்தவரோ விமானத்தில் ஏறவே இல்லை.

அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23-ல் ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்து கடற்பகுதியின் மேல் வெடித்துச் சிதறியது. 329 பேர் பலி. கனடாவின் வான்கூவரில் ஒருவர் பெட்டியைப் பதிவு செய்துவிட்டு, விமானம் ஏறாமல் போய்விட்டார். டொராண்டோவில் பைகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரமும் அன்று பாதியிலேயே பழுதானது. ஆள் இல்லாமல் பெட்டி மட்டும் பயணித்தது.

இதன் பிறகே, ஆள் இல்லாத பையை ஏற்றக் கூடாது என்ற விதி உலக அளவில் இறுக்கப்பட்டது. இந்தியாவில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறையாகச் செயல்படுகிறது.

உஷார் நாட்களில் என்ன மாறும்?

குடியரசு தினம், சுதந்திர தினத்தையொட்டி சென்னை விமான நிலையத்தில் பாதுகாப்பு பலப்படுத்தப்படும். பார்வையாளர்களுக்கான அனுமதிச் சீட்டு நிறுத்தப்படும். மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் வழக்கமான சோதனை முடிந்தாலும், விமானப் படிக்கட்டுக்கு அருகே மீண்டும் ஒரு சோதனை நடக்கும். அந்த நாட்களில் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்புவது நல்லது.

பயணிகள் கவனிக்க வேண்டியது

உங்கள் பையை நீங்களே அடுக்குங்கள். "ஊர்ல ஒருத்தர் வந்து வாங்கிப்பார்" என்று முன்பின் தெரியாதவர் தரும் பார்சலை வாங்கவே வாங்காதீர்கள். பையைப் போட்ட பிறகு பயணத்தைக் கைவிட நேர்ந்தால், விமான நிறுவன ஊழியரிடம் உடனே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வெளியேறினால், உங்கள் ஒரு பையைத் தேடி இறக்கும் வரை மற்ற எல்லோரும் விமானத்துக்குள் காத்திருக்க வேண்டும்.