கரும்பும் நாணலும்: ஒரு கலப்பின் வரலாறு

தமிழகத்துக்குக் கரும்பைக் கொணர்ந்தோர் அதியமானின் முன்னோர் என்பதை ஔவையாரின் புறநானூற்றுப் பாடலால் (99) அறிகிறோம். அவர்களுடைய தகடூருக்குத் தென்கிழக்கே கல்வராயன் மலை. மலை இறங்கினால் கள்ளக்குறிச்சி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைக் கொண்ட கரும்பு நாடு இது. ஆயினும் இன்று இங்கே விளைவது அதியர் கொணர்ந்த கரும்பன்று. அதன் குருதியில் ஆற்றங்கரை நாணல் கலந்திருக்கிறது.

உழவர் கரும்பைக் கரணை வெட்டி நடுவர். கரணையில் முளைப்பது தாயின் மறுபதிப்பே. வாழையடி வாழை என்பதும் இதுவே. புதுவகை வேண்டுமெனில் பூவும் மகரந்தமும் விதையும் வேண்டும். கரும்பு நன்கு பூத்து விதை கொள்ளும் இடம் என்பதாலேயே 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் எழுந்தது. பார்பரும் தி. சு. வெங்கட்ராமனும் அங்கே 'வெள்ளை' என்னும் இன்கரும்பை நாணலோடு மணம்புணர்த்தினர். இனிப்பைத் தாயும் வன்மையைத் தந்தையும் தந்தன. அவ்வாறு பிறந்த கோ 205, 1918இல் வட இந்திய உழவர் கைக்குச் சென்றது.

இம்மணத்தில் ஒரு விந்தை உண்டு. பெற்றோர் இருவரும் தத்தம் குரோமோசோம்களில் பாதியையே பிள்ளைக்குத் தருவது உலக வழக்கு. இன்கரும்புக்கு 80, கோவை நாணலுக்கு 64. ஆகவே பிள்ளைக்கு 40உம் 32உமாக 72 வரவேண்டும். வந்ததோ 112! தாய் தன் எண்பதையும் ஈந்துவிட்டது. இனிப்பு குன்றாமல் நின்றதற்கு இத்தாய்க்கொடையும் ஒரு காரணம்.

இத்தகைய கணக்குகளைத் தம் வாழ்வாகக் கொண்டவர், 1897இல் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். மிச்சிகனில் 1931இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1934 முதல் 1939 வரை கோவை நிலையத்தில் பணியாற்றினார். கரும்பையும் மக்காச்சோளத்தையுமே கலந்து காட்டினார். தொலைவான உறவில் பிறந்த பிள்ளை பெரும்பாலும் மலடாகும். குரோமோசோம்களுக்கு இணை கிட்டாமையால் மகரந்தமும் சூலும் செவ்வனே உருவாகா. முழுத்தொகுதியையும் இரட்டித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் இணை கிடைக்கும், மலடு நீங்கக்கூடும். இதுவே பன்மடியத்தின் பயன். மாறாக, மூன்று தொகுதிகள் கொண்டவற்றில் ஒன்று தனித்து நிற்கும். நாம் உண்ணும் வாழைகளுட் பல விதையற்றிருப்பது இதனாலும்தான்.

இரட்டிக்கும் மருந்து கால்ச்சிசின் என்பது 1937இல் தெளிவாயிற்று. அந்நஞ்சு நம் செங்காந்தள் கிழங்கிலும் உண்டு. மகளிர் விரலுக்கு உவமையாகச் சங்கப் புலவர் கண்ட மலரின் அடியில் இப்படியோர் ஆற்றல்! ஜானகி அம்மாள் இங்கிலாந்தில் டார்லிங்டனோடு பயிர்களின் குரோமோசோம் தொகை நூலை 1945இல் வெளியிட்டார். பின் விஸ்லி தோட்டத்தில் கால்ச்சிசின் கொண்டு மேக்னோலியாக்களைப் பன்மடியமாக்கினார். அவர் பெயர் தாங்கிய மேக்னோலியா வகையொன்று உண்டு.

கோ 86032 என நம் வயல்களில் வழங்கும் பெயரில் 'கோ' என்பது கோயம்புத்தூர். அப்பெயரில் நாணலுக்கு இடமில்லை, பயிரிலோ இருக்கிறது. நாளை புதிய நோயோ வறட்சியோ வருமாயின் விடை தேடி மீண்டும் அக்காட்டு உறவிடமே செல்லவேண்டும். ஆதலால் கரையோர நாணலைக் களையென்று கருதி வேரோடு அழிப்போர், கரும்பின் தந்தைவழிச் சொத்தை அழிக்கின்றனர் என்பதை நாம் உணர்தல் நலம்.