பெரட்டுக் களமும் பணிமுறையும்: கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் வேலைப் பகிர்வின் வரலாறு

வங்கியொன்றின் கதவு மாலையில் மூடப்பட்டாலும் அதன் வேலை அன்றைக்கு முடிவதில்லை. நள்ளிரவுக்குப் பின்னர் ஆளில்லாத அறையில் கணினிகள் அன்றைய வரவுசெலவைக் கூட்டுகின்றன, வட்டி கணக்கிடுகின்றன, அறிக்கைகளை அச்சுக்கு அனுப்புகின்றன. எந்த வேலை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும், எது முடிந்தபின் எது எழ வேண்டும், ஒன்று தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைத்து நடத்துவதற்கென்றே தனி மென்பொருள்கள் உள்ளன. கலைச்சொல் பற்றிய கலந்துரையாடல் ஒன்றில் இவற்றுக்கான தமிழ்ச் சொற்கள் குறித்துப் பேச்செழுந்தபோது, கணினித் துறை இளைஞர் ஒருவர், "இப்படிப்பட்ட வேலைமுறையே நம்மவர்க்குப் பழக்கமில்லாதது, பின் சொல் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். அவர் கோல சிலாங்கூர்த் தோட்டமொன்றில் வாழ்ந்த குடும்பத்தின் பேரர் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவருக்கு அன்று நாம் தக்க மறுமொழி கூறவில்லை. அதனை இப்பொழிவில் கூற முயல்கிறோம்.

முதலில் மென்பொருளின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசைக் கணினிகளை அறிவித்தது. அவற்றின் இயங்குதளத்துக்கு இன்ன வேலையை இன்ன தரவுகொண்டு செய் என்று கட்டளையிடத் தனியொரு மொழியே வகுக்கப்பட்டது. 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் 'கிரான்' என்னும் சிறு நிரல் தோன்றியது. நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை என ஐந்து இடங்களை நிரப்பினால் போதும். 0 5 * * 1-6 என்று எழுதினால் திங்கள் முதல் சனி வரை காலை ஐந்து மணிக்கு என்று பொருள். இன்று பெருநிறுவனங்களில் கன்ட்ரோல்-எம், ஆட்டோசிஸ் போன்றவை பல்லாயிரம் வேலைகளை இவ்வாறு கோத்து நடத்துகின்றன. கோப்பதே இங்கு முதன்மையானது. நேரத்தை மட்டும் பார்த்தால் அது கடிகாரம். ஒன்றன் முடிவை மற்றொன்றின் தொடக்கத்தோடு பிணைத்தால்தான் அது பணிமுறை.

இவ்வாறு ஒன்றாகத் திரட்டி, இடையில் எவரும் குறுக்கிடாமல் செய்து முடிக்கும் வேலைத் தொகுப்பை ஆங்கிலத்தில் 'பேட்ச்' என்பர். அச்சொல் அடுமனையிலிருந்து வந்தது; ஒருமுறை அடுப்பிலிட்டுச் சுட்டெடுக்கும் அப்பங்களின் அளவே அதன் முதற்பொருள். நம் கலைச்சொல் தொகுப்புகள் 'தொகுதி' என்கின்றன. தவறில்லை. ஆயினும் தொகுதி என்பது தேர்தலுக்கும் நூலுக்கும் எண்களுக்கும் பொதுவாகிவிட்ட சொல். நம் அடுக்களையில் அதே பொருளில் வேறொரு சொல் இருக்கிறது. இட்டலிப் பானையில் ஒருமுறை இட்டு எடுப்பதை ஓர் 'ஈடு' என்கிறோம். "இரண்டு ஈடு ஆயிற்று, இன்னும் ஓர் ஈடு இருக்கிறது" என்று சொல்லாத வீடில்லை. இடு என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், இட்டபின் வேகும்வரை மூடியைத் திறக்கலாகாது என்னும் கட்டுப்பாட்டையும் தன்னுள் கொண்டிருக்கிறது. அடுமனையிலிருந்து ஆங்கிலேயர் எடுத்ததை அடுக்களையிலிருந்து நாம் எடுப்பதில் குறையொன்றும் இல்லை.

இனித் தோட்டத்திற்கு வருவோம்.

சிலாங்கூர் ஆற்றின் இருமருங்கும், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்தும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பரவின. விடியுமுன் மணி அடிக்கும். ஆண்களும் பெண்களும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பர். கங்காணி பெயர் கூப்பிடுவார். கிராணி செக்ரோலில் குறிப்பார். அவரவர்க்குரிய நிரை சொல்லப்படும். பால் வெட்டுவோர் காட்டுக்குள் செல்வர். களையெடுப்போரும் மருந்தடிப்போரும் வேறு பக்கம் செல்வர். பொழுது புலர்ந்து வெளிச்சம் வந்ததும் முதல் மரத்தில் கத்தி படும்.

விடியற்காலை ஏன்? துரையின் விருப்பத்தால் மட்டும் அமைந்ததன்று அது. பட்டைக்குள் பால் நாளங்களின் அழுத்தம் வெயில் ஏறுமுன் மிகுந்தும், ஏறியபின் குறைந்தும் நிற்கும். எனவே தாமதமாக வெட்டினால் பால் குறையும். 1982 சனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. மரத்தின் பால் அதற்கேற்ப முன்னே வரவில்லை. கடிகாரத்தின் மணியும் வெளிச்சத்தின் மணியும் வேறாகிவிட்ட அந்நிலையைக் கணினித் துறையினர் நன்கறிவர். கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை அவர்தம் இரவுப் பணிகள் இதே சிக்கலில் மாட்டுகின்றன.

மரத்தை நாள்தோறும் வெட்டலாகாது. பட்டைக்கு ஓய்வு வேண்டும். மரத்தின் சுற்றளவில் பாதிக்கு வெட்டு, ஒன்றுவிட்டு ஒருநாள், ஏழு நாளில் ஆறு நாள் என்பது பரவலாக இருந்த முறை. இதனைச் சில எழுத்துகளாலும் எண்களாலும் ஒரே வரியில் எழுதும் பன்னாட்டுக் குறியீடு இரப்பர் ஆய்வாளரிடையே நெடுங்காலமாக வழங்குகிறது. எங்கே, எத்துணை, எந்நாள், எந்நாள் ஓய்வு என்பவற்றை அது இடம் மாறாமல் சொல்லும். கிரானின் ஐந்து இடங்களோடு அதனை அருகருகே வைத்துப் பார்த்தபோது நமக்கு வியப்பே உண்டாயிற்று. ஒன்று எந்திரத்துக்கு, மற்றொன்று மரத்துக்கு. இலக்கணம் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஒன்றுவிட்டு ஒருநாள் என்பதால் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிரைகள் இருந்தன. இன்று ஒன்று, நாளை மற்றொன்று. இன்று மழை பெய்துவிட்டால் என்ன செய்வது? பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுவாயை விட்டு வழிந்து மண்ணில் போகும். பட்டை காயும்வரை காத்திருந்து தாமதமாக வெட்டலாம். அன்றைய முறையைக் கைவிட்டு மறுநாள் அடுத்த நிரைக்குப் போகலாம். ஓய்வு நாளில் ஈடுசெய்யலாம். மூன்றும் நடந்தன. கணினி அணைந்திருந்த வேளையில் தவறிய பணியைக் கிரான் அப்படியே விட்டுவிடும். 'அனக்கிரான்' என்னும் பிறிதொரு நிரல் அதனைப் பின்னர் எடுத்துச் செய்யும். இந்தத் தெரிவைத் தோட்டத்தில் ஒவ்வொரு மழைநாளிலும் ஒரு மனிதர் வானத்தைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்.

வெட்டியபின் வரும் தொடர்ச்சியும் அத்தகையதே. சில மணி நேரம் பால் மங்கில் சொட்ட வேண்டும். உறையுமுன் வாளியில் சேர்க்க வேண்டும். நிறுத்து, மெட்ரோலாக் கருவியால் அதன் செறிவு பார்த்த பின்னரே தொழிற்சாலைத் தொட்டிக்குப் போகும். முந்தியது முடியாமல் பிந்தியது தொடங்காது. முந்தியது தாமதித்தால் பிந்தியது கெடும்.

செம்பனை வந்தபின் இம்முறை வேறு வடிவம் பெற்றது. நம் வட்டாரத்துக்கு இதில் தனிச்சிறப்பு உண்டு. ஆன்றி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூர் ஆற்றங்கரையில் இரப்பர் பயிரிட்டவர். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கில் செம்பனை நட்டார். மலேசியாவில் அதுவே முதலாவது. அவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. நாட்டின் செம்பனை வரலாற்றின் முதல் ஏட்டில் தென்னமரம் என்னும் தமிழ் ஒலி நிற்பதை நூற்றாண்டு விழாப் பேச்சுகளில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனரோ, அறியோம்.

செம்பனைக் குலையை நாட்காட்டி பார்த்து மட்டும் வெட்ட முடியாது. பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை சுற்று வரும். ஆனால் மரத்தடியில் உதிரிப் பழம் கிடந்தால்தான் குலை முற்றியதென்று பொருள். நேரம் ஒரு தூண்டல், நிகழ்வு மற்றொரு தூண்டல் என மென்பொருள் நூல்கள் பிரித்துப் பேசுவது இதைத்தான். வெட்டிய குலையைக் காலம் தாழ்த்தினால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆகவே ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர்க்க வேண்டும். அங்கே குலைகள் இரும்புக் கூண்டுகளில் ஏற்றப்பட்டு, நீராவிக் கலனுள் தள்ளப்பட்டு, கதவு பூட்டப்பட்டு, ஒருமணி நேரத்துக்கு மேல் அவிக்கப்படும். மூடியைத் திறக்கலாகாது. இட்டலிப் பானையின் ஈடு இங்கே டன் கணக்கில் நடக்கிறது.

இவ்வேலை முழுவதும் எம்மொழியில் நடந்தது? துரைமார் தமிழ் பயின்று களத்தில் நிற்க வேண்டியிருந்தது. கட்டளையும் கணக்கும் தமிழில் ஓடின. ஆங்கிலப் 'பரேட்' பெரட்டு ஆயிற்று. மேற்பார்வையாளரைக் குறிக்கும் மண்டோர், போர்த்துகீசிய மூலத்திலிருந்து மலாய்வழி வந்தது. கங்காணி நம்முடையது, சோழர் கல்வெட்டுகளிலேயே கண்காணி செய்வான் வருகிறான். கோயிற் கணக்கைக் கண்காணித்தவனின் பெயர் இரப்பர்க் காட்டில் ஆள்திரட்டியவனுக்கு வந்து சேர்ந்த வழி நீண்டது. அதனை வேறொரு பொழிவுக்கு விடுகிறோம்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்றே வழக்கு. முழு நாள் உழைத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதரின் பெயரையே பாதியாக வெட்டும் இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு நெருடுகிறது. முறை செம்மையாக இருந்தது என்பதனால் நீதியாகவும் இருந்தது என்று கொள்ளலாகாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வோடு நீண்ட வேலை நேரத்தை ஒழிப்பதும், மேலாளர் முன்னே மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் இடம்பெற்றிருந்தன. அதற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்.

1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், தன் 16ஆம் பிரிவில், தோட்டத் தொழிலாளர்க்கு மாதம் 24 நாளேனும் வேலை தர வேண்டும், தர இயலாவிடில் அந்நாள்களுக்கும் கூலி தர வேண்டும் என விதித்தது. களத்துக்கு வந்து நின்றவரிடம் "இன்று வேலை இல்லை" என்று சொல்வதற்கு ஒரு விலை உண்டென முறைக்குள்ளேயே எழுதிய பிரிவு அது. ஆயினும் எழுதியது வேறு, ஏட்டில் குறிப்பது வேறு. களப்பணியின்போது மூதாட்டி ஒருவர், தோட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளோடு, நம்மிடம் இதனைக் கூறினார். ஒரு மழைக்காலத்தில் நாள்தோறும் பெரட்டுக்குப் போய் நனைந்து நின்றாராம். சம்பள நாளில் அவற்றுள் பல நாள்கள் அவர் வராத நாள்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. வந்தார், வரவில்லை என்னும் இரண்டு குறிகளே அந்த ஏட்டில் இருந்தன. "வந்து, மழையால் திரும்பினாள் என்று போடக் கட்டமில்லையாம், ஐயா" என்றார்.

கணினியில் ஒரு பணி தவறினால் தவறியதற்கான எண்ணும் நேரமும் காரணமும் பதிவாகும். காலையில் வரும் பொறியாளர் அதனைப் படிப்பார். இயந்திரத்துக்குக் கொடுத்துள்ள இந்தச் சலுகை அம்மூதாட்டிக்கு அன்று கிட்டவில்லை. இன்று தோட்டங்களில் செக்ரோல் கணினிக்குள் போயிற்று; களத்தில் நிற்போர் பெரும்பாலும் வெளிநாட்டினர். அந்தத் திரையில் மழைக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்பதைத் தமிழரல்லாத அவர்களுக்காகவும் கேட்க வேண்டியிருக்கிறது.

இளைஞரின் வினாவுக்கு வருவோம். பேட்ச் என்பதற்கு ஈடு என்றும், சுழன்று வரும் பணி வரிசைக்கு முறை என்றும், ஒரு செயலிக்கு ஒதுக்கப்படும் பங்கிற்கு நிரை என்றும் வழங்கலாம் என இம்மன்றத்தின் கலைச்சொற் குழுவுக்கு முன்மொழிகிறோம். முறை என்பது ஏரிப் பாசனத்தில் நீர் விடும் வரிசைக்கும் பழைய பெயராதலால் தமிழகத்தார்க்கும் அது அயலாகாது. பெரட்டு என்னும் சொல்லை மட்டும் நாம் பட்டியலில் சேர்க்கவில்லை. பணிகளைத் தொடக்கத்தில் ஒன்றுதிரட்டிச் சரிபார்க்கும் கட்டத்துக்கு அது பொருந்தும் என நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். பொருந்தும்தான். அக்களத்தில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று விட்டுவைத்திருக்கிறோம்.