வைகைக் கழனியும் துத்தநாகமும்

1895-ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, வைகையோடு கலந்து, மதுரையைச் சூழ்ந்த சமவெளியையும் மேலூர்ப் பிரதேசத்தையும் நஞ்சையாக்கத் தொடங்கிய காலத்திலே, இடையறாது நீர் தேங்கிய சேற்றில் துத்தநாகம் கட்டுண்டு வேருக்கு எட்டாமற் போகும் என்னும் உண்மையை உலகில் எவரும் அறிந்திலர். நட்ட இரண்டு மூன்று வாரங்களில் பயிர் குன்றி, இலைகளிலே துருநிறப் புள்ளிகள் படரும் இந்நோய்க்குத் துத்தநாகக் குறையே காரணம் என்று 1966-இல் பந்த்நகரில் நிரூபித்தவர் விஞ்ஞானி ஒய். எல். நேனே; மதுரை வேளாண்மைக் கல்லூரி தோன்றி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது.

இதிலே எனக்குப் பேராச்சரியம் அளிப்பது யாதெனில், நெல்லின் வேர்ச் செல்களிலே துத்தநாகத்தை உள்ளே சேர்க்கும் ‘ஜிப்’ என்னும் கடத்திப் புரதங்களின் குலத்தைச் சேர்ந்தவையே, அந்நெல்லை உண்ணும் மனிதனின் மூளைச் செல்களிலும் அதே தொழிலைப் புரிகின்றன என்பதாம். மிகையானதை வெளியேற்றுவது பிறிதொரு குலம்; அதிலே 1996-இல் அறிவிக்கப்பட்ட ஒரு புரதம், நரம்பு முனைகளின் நுண்பைகளில் துத்தநாகத்தை நிரப்பி வைக்கிறது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

துத்தநாகக் குறையைப் போக்க நெல்வயலுக்கு இன்றுள்ள பரிந்துரை, ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ மணலுடன் கலந்து, நடவுக்குச் சற்று முன் சமன்செய்த சேற்றின்மேல் தூவுவதாகும்.