மனையும் மன்றும்: இலங்கைப் பெண்டிரின் வாக்குரிமை வரலாறு

1931ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தல் இலங்கை வரலாற்றில் ஒரு பெருந் திருப்பமாகும். 21 வயது நிறைந்த ஆடவரும் பெண்டிரும் சொத்து, கல்வி என்னும் தகைமைகளின்றி வாக்களிக்கும் உரிமையை அத்தேர்தலிலேதான் முதன்முறை பெற்றனர். ஆசியாவில் இருபாலார்க்கும் இவ்வுரிமையை முதலில் வழங்கிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பிரான்சு தேசத்துப் பெண்டிர் 1944 வரையும், சுவிற்சர்லாந்துப் பெண்டிர் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு 1971 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நோக்கின் இதன் அருமை விளங்கும்.

இப்பெருமையை எடுத்துரைப்போர் பலர். அவ்வுரிமை எவ்வகை வாதங்களால் மறுக்கப்பட்டது, எவ்வகை வாதங்களால் வழங்கப்பட்டது என ஆராய்வோர் சிலரே. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின், மறுத்தவரும் வழங்கியவரும் பெண்மை பற்றி ஏறக்குறைய ஒரே எண்ணத்தையே உடையராயிருந்தனர் என்பது புலனாகும். மனை பெண்ணுக்குரியது, மன்று ஆணுக்குரியது என்பதே அவ்வெண்ணம். இது வசையின் வடிவில் வருவதில்லை; பெரும்பாலும் புகழ்ச்சியின் வடிவிலேயே வருவது. தாய் என்றும் இல்லத்தரசி என்றும் பெண்ணைப் போற்றும் நா, அதே மூச்சில் அவள் செல்லத்தகாத இடங்களையும் வகுத்துவிடுகின்றது.

யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும். 1824இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலை, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற இளைஞர்க்கு ஏற்ற கிறித்தவ மனைவியரை ஆயத்தஞ் செய்வதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. சைவப் பெண்டிரின் கல்விக்கெனச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மகளிர் கல்லூரி ஒன்றை நிறுவினார். தம் பெரும் பொருளை அதற்கென ஈந்த அப்பெரியாரே, 1928இல் சட்டநிரூபண சபையில் வாக்குரிமை பற்றிய விவாதம் எழுந்தபோது பெண்டிர்க்கு அதனை வழங்குவதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்ணின் கடமை மனையினுள் அமைந்தது, அரசியற் பூசலுள் அவளை ஈர்ப்பது மரபுக்கு ஊறு விளைக்கும் என்பது அவர் கருத்தின் சாரம். இதனை முரண்பாடென்று எளிதிற் கூறிவிடலாம். ஆயின் உற்று நோக்கின் முரண்பாடு யாதுமில்லை. கல்வி பெண்ணைச் சிறந்த மனைவியாகவும் தாயாகவும் ஆக்கும் என்று கொண்டவர்க்குக் கல்லூரி உடன்பாடே. வாக்குச் சாவடி உடன்பாடன்று.

இக்காலத்திற் பெண்டிர் வாளாவிருந்தனர் என எண்ணுதல் தவறாகும். யாழ்ப்பாணத்தில் மங்களம்மாள் மாசிலாமணி 1923 முதல் ‘தமிழ் மகள்’ என்னும் பத்திரிகையை நடத்திப் பெண்ணுரிமையை வலியுறுத்தினார். கொழும்பில் 1927ஆம் ஆண்டு டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றிற்று. அரசியற் சீர்திருத்தம் பற்றி ஆராய அப்பொழுது இங்கு வந்திருந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் அச்சங்கத்தார் சாட்சியம் அளித்தனர். அவர்கள் முதலில் வேண்டியது கற்ற பெண்டிர்க்கு உரிய வரையறுத்த வாக்குரிமையே. தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்டிர்க்கும் அது வேண்டுமோ என ஆணைக்குழுவினர் வினவியபோது, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று தாம் விடையிறுத்ததாகச் சங்கத்தின் செயலாளரான அக்னஸ் டி சில்வா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

1928இல் வெளிவந்த ஆணைக்குழுவின் அறிக்கை பெண்டிர்க்கு வாக்குரிமை அளிக்குமாறு விதந்துரைத்தது. அதற்கு அது காட்டிய காரணங்கள் கருதற்பாலன. குழந்தை மரணம் மிகுந்திருத்தல், நல்ல வீட்டு வசதி வேண்டப்படுதல், மருத்துவிச்சிச் சேவையும் மகப்பேற்றுக்கு முந்திய பராமரிப்பும் வளர வேண்டியிருத்தல் என்பன பெண்டிரின் அக்கறையை நாட்டுக்கு வேண்டியதாக்குகின்றன என்று அது கூறிற்று. பெண்ணும் ஒரு குடி, குடிக்குரிய உரிமை அவளுக்கும் உண்டு என்னும் வாதம் பின்னுக்கு நின்றது. தாய்மையின் வாதமே முன்னுக்கு வந்தது. மேலும், ஆடவர்க்கு 21 வயது போதுமெனக் கொண்ட ஆணைக்குழு பெண்டிர்க்கு 30 வயது வேண்டுமென்றது. பிரித்தானியாவில் 1928இல் அவ்வேறுபாடு நீக்கப்பட்டபின் இலங்கையிலும் அது கைவிடப்பட்டது. எந்த எண்ணம் கதவை அடைத்திருந்ததோ அவ்வெண்ணமே கதவைத் திறக்கும் திறவுகோலும் ஆயிற்று. திறவுகோலாய் வந்த எண்ணம் வாயிலோடு நின்றுவிடவில்லை. பெண்டிரோடு தானும் மன்றினுட் புகுந்தது.

மன்றிற் புகுந்தவர் எவ்வழி புகுந்தனர் என்பதில் இது தெளிவாகும். அரசாங்க சபையின் முதற் பெண் உறுப்பினரான அடலின் மொலமூரே, தந்தையார் இறந்ததனால் வெற்றிடமான றுவான்வெலத் தொகுதியில் 1931இல் இடைத்தேர்தல் மூலம் தெரிவானார். நேசம் சரவணமுத்து, கணவர் பதவியிழந்த பின்னர் 1932இல் வடகொழும்பிற் தெரிவானார். 1948இல் குசுமசிறி குணவர்த்தனவும் 1949இல் தமாரா குமாரி இலங்கரத்னவும் தம் கணவர்மார் இழந்த ஆசனங்களுக்கே வந்தனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் கட்சி வேட்பாளராக நின்று கிரியெல்லவில் வென்ற புளோரன்ஸ் சேனநாயக்கவைப் போன்றோர் மிகச் சிலர். ஆடவருள்ளும் குடும்ப வழி வந்தோர் இருந்தனர். ஆயினும் அவர்க்குப் பிற வழிகளும் திறந்திருந்தன. பெண்டிர்க்கோ அவ்வழியே பெருவழியாயிற்று.

மன்றுக்கு வெளியே இவ்வெண்ணம் கூலிப் பட்டியலிலும் எழுதப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் 1929இல் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறிக்கும் வேலையின் பெரும்பகுதி பெண்டிர் கைகளிலேயே இருந்தது. தேயிலைச் செல்வம் அக்கைகளினின்றே தொடங்கிற்று. ஆயினும் குடும்பத்தைக் காப்பவன் ஆண், பெண்ணின் உழைப்பு அதற்குத் துணை என்னும் எண்ணம் 11 சதத்தை அவளிடமிருந்து கழித்துக்கொண்டது. அவ்வேறுபாடு நீங்க 1984 வரை செல்லவேண்டியிருந்தது. மனைக்குரியவள் என்று போற்றப்பட்ட பெண்ணுள் விடியுமுன் மலையேறிய அப்பெண் ஒருபோதும் அடங்கவில்லை.

பத்திரிகையும் வானொலியும் இவ்வெண்ணத்தைப் படைத்தன அல்ல. ஆயினும் நாடோறும் புதுப்பித்தன. இலங்கை வானொலியின் புகழ்பெற்ற மகளிர் நிகழ்ச்சி ‘பூவும் பொட்டும்’ என்னும் பெயர் பெற்றிருந்தது. அதனை விரும்பிக் கேட்டோர் எண்ணற்றோர். ஆயினும் பூவும் பொட்டும் சுமங்கலிக்குரிய அடையாளங்களாகக் கொள்ளப்பட்ட சமூகத்திற் கைம்பெண்ணை அப்பெயர் எங்கே நிறுத்திற்று என்பது எண்ணத்தக்கது.

கணவர் 1959இற் கொலையுண்ட பின் 1960 யூலையில் உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவை எதிர்ப்பாளர் ‘அழும் விதவை’ என எள்ளினர். ஆதரவாளரோ அன்னை எனப் போற்றினர். இரு சாராரும் ஆட்சியாளரைக் காணவில்லை, பெண்ணையே கண்டனர். அவருடைய ஆட்சியிலேதான் 1961இற் சிங்களம் மட்டும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துச் சத்தியாக்கிரகம் இராணுவத்தால் அடக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலையகத்து மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. பெண் ஆளின் தாயுள்ளம் ஆளும் என்னும் நம்பிக்கை, பெண் ஆளத் தகாள் என்னும் இகழ்ச்சியைப் போலவே பிழையானது. ஆட்சியைச் செயல்கொண்டு அளத்தல் வேண்டும். பால்கொண்டு அளத்தல் கூடாது.

அண்மைக் காலத்திற் சில மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. உள்ளூராட்சி மன்றங்களில் நான்கிலொரு பங்கைப் பெண்டிர்க்கு ஒதுக்கும் சட்டம் 2016இல் நிறைவேறி 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. 2024இல், அரசியற் குடும்ப உறவு எதுவுமின்றி, பல்கலைக்கழக விரிவுரையாளர் பணியினின்று வந்த ஹரினி அமரசூரிய பிரதமரானார். ஆயினும் அவ்வாண்டுப் பாராளுமன்றத் தேர்தலிற் தெரிவான 225 உறுப்பினருட் பெண்டிர் 20 பேருக்குச் சற்றே மேற்பட்டோர். குடித்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்டிராயுள்ள நாட்டில் இதுவே இதுகாறும் எட்டிய உயர்ந்த அளவாகும்.

வாக்குரிமையைச் சட்டம் ஒரே நாளில் வழங்கிற்று. அதனைத் தடுத்து நின்ற எண்ணமோ சட்டத்தால் நீங்கவில்லை. அது பாடசாலையிலும் பத்திரிகையிலும் வீட்டு முற்றத்திலும் வளர்வது. அவ்விடங்களிலேதான் களையப்படவும் வேண்டும். மகளிர்க்குக் கல்லூரி அமைத்த கைகள் அவர்க்கு வாக்கை மறுத்த வரலாறு கற்றோர்க்கு உணர்த்துவது ஒன்றுண்டு. கல்வி கொடுத்தல் வேறு. கற்றவள் எங்கே செல்வது என்பதை அவளே தீர்மானிக்க இடங்கொடுத்தல் வேறு. முன்னதை இந்நாடு இருநூறு ஆண்டுகளாகச் செய்து வருகின்றது. பின்னதில் அது செல்லவேண்டிய தூரம் இன்னும் மிகுதி.