கி.பி. 1070: சோழ அரியணை மாற்றம்

சோழ அரசு ஓராண்டுக்குள் வீரராசேந்திரன், அதிராசேந்திரன், முதலாம் குலோத்துங்கன் என மூவர் கைக்கு மாறிய ஆண்டு. ரோமில் கி.பி. 69-இல் கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியன் என நால்வர் அடுத்தடுத்து ஆண்டனர். அங்கே படைகள் முடிவு செய்தன. இங்கே மணவுறவே வழி திறந்தது.

முதலாம் ராசராசனின் மகள் குந்தவை வேங்கிச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகன் ராசராச நரேந்திரன் முதலாம் ராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவ்விருவரின் மகனே குலோத்துங்கன். அவன் மணந்த மதுராந்தகியும் இரண்டாம் ராசேந்திரனின் மகள். ஆகவே தந்தை வழியில் சாளுக்கியனாயினும் அவனை அந்நியன் என்பது பொருந்தாது.

முந்தைய மன்னர்களின் போர்களை அறிய மணிமங்கலம் ராசகோபாலப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் இன்றியமையாதவை. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியே மேற்கே சென்றால் இவ்வூர். கொப்பத்தில் ராசாதிராசன் யானைமேல் இறந்துபட, தம்பி இரண்டாம் ராசேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிய 1054-ஆம் ஆண்டுப் போரையும், வீரராசேந்திரனின் கூடல்சங்கம வெற்றியையும் இக்கல்வெட்டுகள் விரித்துரைக்கின்றன.

1070-இல் வீரராசேந்திரன் இறந்ததும் கலகம் மூண்டது. அவன் மருமகனான கல்யாணிச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு வந்து கலகத்தை அடக்கி, கங்கைகொண்ட சோழபுரம் சென்று மைத்துனன் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்தினான். அவன் நாடு திரும்பிய சில நாள்களிலேயே அதிராசேந்திரன் மீண்டும் எழுந்த கலகத்தில் கொல்லப்பட்டான். இச்செய்தியைத் தருபவர் விக்கிரமாதித்தனின் அவைப்புலவர் பில்கணர். கலிங்கத்துப்பரணியோ அதிராசேந்திரன் பெயரையே சொல்லாமல், மன்னன் மறைந்து முறை கெட்ட நாட்டைக் குலோத்துங்கன் வந்து காத்ததாகப் பாடுகிறது. அவனுடைய மெய்க்கீர்த்தியும் தென்திசைத் திருமகளின் பொதுமையையும் காவிரி நாட்டு நிலமகளின் தனிமையையும் நீக்கியதாகவே கூறும். கொலையில் அவனுக்குப் பங்குண்டு என்பார் காட்டும் சான்று எதுவும் வலுவானதன்று.

குலோத்துங்கன் அரசேறிய நாளை 1070 ஜூன் 9 எனக் கல்வெட்டறிஞர் கீல்ஹார்ன் கணித்தார். தொடக்கக் கல்வெட்டுகளில் அவன் பெயர் ராசேந்திரன் என்றே வரும். குலோத்துங்கன் என்பது சில ஆண்டுகள் கழித்துக் கொண்ட பெயர். சுங்கம் தவிர்த்த சோழன் என்று புகழ்பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆண்டான். இதே குழப்பக் காலத்தில் இலங்கையில் சிங்கள மன்னன் விசயபாகு பொலன்னறுவையை மீட்டதால் அங்கே சோழர் ஆட்சி முடிந்தது.