கரையை உண்ணும் கடல்

கடல்கோள் என்றவுடன் காவிரிப்பூம்பட்டினமே நம் நினைவுக்கு வரும். அந்நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிலத்தைத் தின்னும் கடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். அதற்குச் சென்னை தக்க சான்றாகும்.

சோழமண்டலக் கரையிலே மணலும் ஒரு பயணியே. தென்மேற்குப் பருவக்காற்றின்போது அலைகள் அதனை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கே கொணர்கின்றன. ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்வதே மிகுதி. மணலின் வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை கரையும் நிலைத்திருக்கும்.

பண்டு சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகளே மக்களையும் சரக்கையும் அலைகடந்து கரை சேர்க்கும். இக்குறையை நீக்க 1870களில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினர். 1881ஆம் ஆண்டுப் புயல் அதனைப் பெரிதும் சிதைத்தது; ஆயினும் மீண்டும் கட்டினர். கடலுள் நீண்ட அதன் சுவர்கள் மணலின் வழியை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது; நாம் மாலையில் உலாவும் மெரீனா அகன்று விரிந்தது.

வடக்கே மணல் வரவு குன்றியது; அலைகளோ ஓயவில்லை. இராயபுரம் தொடங்கி எண்ணூர்ப் பக்கம்வரை கரை தேய்ந்தது. மீனவர் குடிசைகள் கடலுக்கு இரையாயின. அதைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினர். கல் வீட்டைக் காத்தது உண்மையே. ஆனால் கட்டுமரம் ஏற்றவும், வலை உலர்த்தவும், கருவாடு காயவைக்கவும் இருந்த மணல்வெளி போயிற்று. கற்சுவர் முடிந்த இடத்திற்கு அப்பால் அரிப்பு மிகுந்தது. ஒரு குப்பத்தைக் காத்த கல், கடலை அடுத்த குப்பத்திற்கு அனுப்பியது.

இத்துன்பத்தின்மேல் இன்று மற்றொன்றும் சேர்ந்துள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததனால் புவியின் வெப்பம் ஏறியது. வெம்மையுற்ற கடல்நீர் விரிகிறது, பனிப்பாறைகள் உருகுகின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த ஏற்றம், 2006க்கும் 2018க்கும் இடையே 3.7 மில்லிமீட்டர் ஆயிற்று. ஒரு சாண்தானே என்று எண்ணிவிடலாகாது. சரிவு குறைந்த மணற்கரையில் ஒரு சாண் உயரும் நீர், பல அடி தூரம் உள்ளே வரும். புயற்காலத்து அலை அதன் தோள்மீதேறி இன்னும் உள்ளே புகும். மணல் வரவு குன்றிய கரைக்கு அதனைத் தாங்கும் வலிமை ஏது?

துறைமுகத்தால் நாடு வளம் பெற்றது. அதன் விலையை வடபுறத்துக் குப்பங்கள் கொடுத்தன. வெப்பத்தின் கதையும் அத்தகையதே. ஆலைகளாலும் ஊர்திகளாலும் பயன்பெற்றோர் பெரும்பாலும் தொலைவில் வாழ்கின்றனர். நிலம் இழப்பவனோ துடுப்பும் பாயும் கொண்டு பிழைத்தவனின் பேரன்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். கடலில் ஒரு சுவரை வரையுமுன், அதன் மறுபுறத்தில் யார் வாழ்கின்றனர் என்று கேளுங்கள். சென்னைக் கடற்கரையின் வரலாறு நம்மிடம் வேண்டுவது இந்த ஒரு கேள்வியையே.